ஒற்றைக் கதவு விமானம்

ஆர்லிஸ் ட்வெய்ட் நோயாளியை ஏற்றிப்போகும் நாளில், டன்னெட் விமான ஓடுதளத்துக்கு முதலில் வந்து சேர்வது ஓர் எடை மெஷின். குளியலறையில் போட்டுவைப்பார்களே, அந்தச் சாதாரண மெஷின்தான். தகரக் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் அதைப் போட்டுப் பயணியை ஏறச் சொல்வார். ஷூவோடு, கோட்டோடு, கைப்பையோடு. லூத்தரன் சபைப் போதகர் கண் அறுவைக்குப் போனபோது, தான் சொன்ன எடையை நம்பவில்லையா என்று கேட்டாராம். தான் நம்புவதாகவும் விமானம் நம்பாது என்றும் ஆர்லிஸ் பதில் சொன்னதாக ஊரில் பேச்சு. போதகர் ஏறி நின்றார். சொன்னதைவிடப் பதினான்கு பவுண்டு கூடுதல்.

எங்கள் பக்கத்தில் யாரும் எடையைச் சரியாகச் சொல்வதில்லை. பெண்கள் குறைத்துச் சொல்வார்கள். ஆண்கள் நோய் வந்த பிறகும் நோய்க்கு முந்தின எடையையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். தவிர, ஓர் உதவியை வெறுங்கையோடு வாங்கிக்கொள்ள இங்கே யாருக்கும் மனம் வராது. விமானி காசு வாங்கக் கூடாது என்பது சட்டம். எரிபொருள் செலவும் அவருடையதே. ஆகவே உறைய வைத்த மாட்டிறைச்சி, காட்டுச் செர்ரி ஜாம், உருளைக்கிழங்கு ரொட்டி என்று பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். ஆர்லிஸ் அதையும் மெஷினில் ஏற்றிப் பார்ப்பார். கணக்கு மீறினால் இறைச்சி லெஸ்டர் ஹூக்கின் குளிர்பெட்டிக்குப் போகும். ஓடுதளத்துக்குப் பொறுப்பாளர், அங்கே புல் வெட்டுபவர், பனி தள்ளுபவர் எல்லாம் லெஸ்டர்தான். அவர் வீட்டில் கடை இறைச்சி வாங்கிப் பல வருடங்கள் ஆகின்றன.

டன்னெட் இருப்பது மொன்டானாவின் வடகிழக்கு மூலையில். பில்லிங்ஸ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குச் சாலைவழியே ஐந்தரை மணி நேரம். பனிக்காலத்தில் எவ்வளவு என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆர்லிஸின் விமானத்தில் இரண்டு மணிக்கும் குறைவு. வெள்ளைக்கும் பழுப்புக்கும் நடுவே மங்கிப்போன நிறத்தில், நான்கு இருக்கை கொண்ட பழைய பைப்பர் விமானம் அது. முதலில் ஒரு பல் டாக்டரோடு பாதிப் பங்காக வாங்கினார். டாக்டர் அரிசோனாவுக்குக் குடிபோனபோது மறுபாதியும் இவர் தலையில் விழுந்தது.

ஏன் இந்த வேலை என்று கேட்டால் அவர் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்.

"எஞ்சின ஓட்டாம நிறுத்தி வெச்சா உள்ள துருப்பிடிக்கும். எப்படியும் ஓட்டித்தான் ஆகணும். பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து வந்தா எனக்கென்ன?"

இதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் கறக்க முடிந்ததில்லை.

அறுபத்து நான்கு வயது. ஒடிசலான, நீண்ட கால்கள் கொண்ட பெண்மணி. கோதுமைப் பண்ணையில் பிறந்தவர். கணவர் ரோல்ட் மாரடைப்பில் போன பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பயிர்க் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் சேத மதிப்பீட்டாளராகச் சேர்ந்தார். அதாவது, ஆலங்கட்டி மழை பெய்த வயலில் நடந்துபோய், எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிச்சம் என்று சொல்லும் வேலை. வயலுக்குள் நான்கைந்து இடத்தில் அளவுகோலைக் கிடத்தி, அந்த நீளத்துக்குள் இருக்கும் கோதுமைத் தாள்களை எண்ண வேண்டும். ஒடிந்தவை தனி, சாய்ந்தவை தனி. ஒடிந்தது நஷ்டம். சாய்ந்ததை அறுவடை இயந்திரம் எடுத்துக்கொள்ளும் என்பதால் அது நஷ்டமில்லை. விவசாயி பின்னாலேயே நடந்து வருவார். ஒவ்வொரு தாளையும் ஒடிந்த பக்கம் தள்ளத்தான் அவருக்குத் தோன்றும். மற்ற மதிப்பீட்டாளர்கள் முடிவை ஊர் போய்ச் சேர்ந்து தொலைபேசியில் சொல்வார்கள். ஆர்லிஸ் வயலிலேயே, விவசாயியின் முகத்துக்கு நேராகச் சொல்வார். இதற்காக அவரை மதித்தவர்கள் உண்டு. பிடித்திருந்தது என்று சொன்னவர்கள் குறைவு.

அப்படி முகத்துக்கு நேராகக் கேட்டுக்கொண்டவர்களில் ஒருவர் வெண்டல் பாக்கன்.

பதினோரு வருடங்களுக்கு முன், அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவருடைய வயலில் ஆலங்கட்டி விழுந்தது. முக்கால்வாசி போயிற்று என்றார் வெண்டல். பாதிக்கும் குறைவு என்றார் ஆர்லிஸ். மறுபடி எண்ணும்படி வெண்டல் சொன்னார். ஆர்லிஸ் மறுபடி நடந்தார், மறுபடி எண்ணினார், அதே எண்ணைச் சொன்னார். வெண்டல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு எப்போது ஆலங்கட்டி விழுந்தாலும் வேறு மதிப்பீட்டாளரை அனுப்பச் சொல்லி நிறுவனத்துக்குச் சொல்லிவிடுவார்.

ஒரே ஒரு காபிக் கடை, ஒரு கூட்டுறவுக் கடை, ஒரு தபாலாபீஸ் இருக்கும் ஊரில் ஓர் ஆளோடு பதினோரு வருடம் பேசாமல் இருப்பது லேசான காரியமல்ல. ஆர்லிஸ் கூட்டுறவுக் கடைக்குள் நுழைந்தால் வெண்டல் மாட்டுத் தீவன மூட்டையில் அச்சடித்திருப்பதைப் படிக்க ஆரம்பிப்பார். ஆலயத்தில் அவர் வலப்பக்கம் உட்கார்ந்தால் இவர் இடப்பக்கம். வெண்டலின் மனைவி மார்வா மட்டும் ஆர்லிஸைப் பார்த்துத் தலையசைப்பார், கணவர் பார்க்காத நேரத்தில்.

இந்தக் குளிர்காலத்தில் வெண்டலின் இடது கையிலிருந்து காபிக் கோப்பை நழுவி விழ ஆரம்பித்தது. தோள்பட்டை வலி என்றார். பிறகு இடது கால் இழுத்தது. குதிரை உதைத்த பழைய காயம் என்றார். கன்று ஈனும் பருவத்தில் மாட்டுக்கு ஒரு கையால் உதவி செய்ய முடியாமல் கொட்டகையில் உட்கார்ந்துவிட்ட அன்றுதான் மார்வா அவரை வண்டியில் ஏற்றி ஊர் மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோனார். எப்படி இருக்கிறது என்று நர்ஸ் கேட்டதற்கு, மோசமில்லை என்று பதில் சொன்னார். கழுத்தில், தண்டுவடத்தை ஒட்டி ஒரு கட்டி வளர்ந்திருப்பதைப் பிறகு பில்லிங்ஸில் எடுத்த ஸ்கேன் காட்டியது.

பில்லிங்ஸில் இருக்கும் அறுவை மருத்துவர் மார்வாவிடம் தொலைபேசியில் விஷயத்தை உடைத்துச் சொன்னார். இடது கால் ஊன்றி நிற்கும்வரைதான் அறுவையால் பயன். செயலிழந்துபோன காலை அறுவை திருப்பித் தராது. கால் இன்னும் தாங்குகிறதா என்று அவர் நேரில் பார்த்துத்தான் முடிவு செய்வார். செவ்வாய்க்கிழமை மதியம் வரச் சொன்னார். அதை விட்டால் அடுத்து மூன்று வாரம் கழித்துத்தான் நேரம்.

சாலைவழி போக முடியாது. ஸ்கேனுக்காக ஒருமுறை போய்ப் பார்த்தாகிவிட்டது. பனி உருகும் ஏப்ரல் மாதம். சாலை முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு குலுக்கலும் கழுத்தில் இறங்கியது. திரும்பி வந்தபோது கால் இன்னும் கொஞ்சம் போயிருந்தது. ஆம்புலன்ஸும் அதே சாலையில்தான் ஓடும். ஹெலிகாப்டர் உயிர் போகும் அவசரத்துக்கு மட்டும். ஆகவே மார்வா தன்னார்வ விமானிகள் சங்கத்தைக் கூப்பிட்டார். சங்கத்தின் நிபந்தனைகளில் ஒன்று, நோயாளி யாரும் தூக்காமல் தானாகவே விமானத்தில் ஏறி இறங்க வேண்டும். ஏறுவாரா என்று கேட்டார்கள். ஏறுவார் என்று மார்வா சொல்லிவிட்டார். எடை கேட்டார்கள். வெண்டலைக் கேட்டுச் சொன்னார்.

தொலைபேசியை வைத்த பிறகு இருவரும் பயிற்சியைத் தொடங்கினார்கள். விமானம் எப்படி இருக்கும் என்று இருவருக்கும் தெரியாது. இறக்கைமேல் ஏறித்தான் உள்ளே போக வேண்டும் என்பது மட்டும் தெரியும். வீட்டில் உயரமாக ஏறக்கூடியதென்று இருந்தது, கொட்டகையில் நிற்கும் அறுவடை இயந்திரம். அதன் ஏணியில் தினமும் மாலை, மாடுகளுக்குத் தீவனம் வைத்த பிறகு, வெண்டல் ஏறினார். முதலில் வலது கால். பிறகு இடது காலை இழுத்துக்கொள்வார். ஏணிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி உண்டு. வலது கை எல்லா வேலையையும் செய்தது. மேலே போய்ச் சேர்ந்ததும் மார்வா கைதட்டுவார். இறங்கும்போது தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொள்வார். இறங்குவதை இருவரும் பயிற்சியாகவே நினைக்கவில்லை.

யார் விமானி என்பது திங்கட்கிழமைதான் தெரிந்தது. மார்வா அதை வெண்டலிடம் சொன்னது செவ்வாய்க்கிழமை காலை, வண்டி பெரிய சாலையில் ஏறிய பிறகு. வண்டியைத் திருப்பச் சொன்னாராம் வெண்டல். மார்வா திருப்பவில்லை.

கொட்டகைக்குள் வந்ததும் வெண்டல் தொப்பியைத் தொட்டார். "மிஸஸ் ட்வெய்ட்."

"வா வெண்டல். மெஷின்ல ஏறு."

சங்கத்துக்கு இருநூற்றுப் பத்து என்று சொல்லியிருந்தார். மெஷின் நூற்று எண்பத்தொன்று காட்டியது. வெண்டல் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். மார்வா அடுத்து ஏற வேண்டும் என்று ஆர்லிஸ் இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் இறங்கினார்.

பைப்பர் விமானத்தின் இறக்கை தாழ்வானது; வயிற்றுக்குக் கீழிருந்து கிளம்புகிறது. கதவு ஒன்றே ஒன்றுதான், வலப்பக்கம். ஏறுபவர் வலது இறக்கைக்குப் பின்னால் போய் நின்று, முன்பக்கம் பார்த்தபடி, விமானத்தின் உடலில் இருக்கும் ஒரு பிடியை இடது கையால் பற்றி, சின்னப் படி ஒன்றில் இடது காலை வைத்து எம்ப வேண்டும். வலது கைக்குப் பிடிக்க எதுவுமில்லை.

வெண்டல் இடது கையைத் தூக்கிப் பிடியில் வைத்தார். விரல்கள் மூடவில்லை. இடது காலைப் படியில் வைத்தார். கால் இருந்தது, எம்பவில்லை. வலது காலை வைத்துப் பார்த்தார். பிடிமானம் இல்லாமல் பக்கவாட்டில் சரிந்தார். ஆர்லிஸின் கை அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தியது. நின்றதும் உடனே விட்டுவிட்டது. மூன்றாம் முறையும் அப்படியே ஆயிற்று.

"நானும் மார்வாவும் பின்னால இருந்து ஒரு தள்ளு தள்ளினா ஏறிடுவாரு," என்றார் லெஸ்டர். "கன்னுக்குட்டிய வண்டியில ஏத்துறதில்லையா?"

"கன்னுக்குட்டிக்கு நாலு காலும் வேலை செய்யும்," என்றார் வெண்டல்.

ஆர்லிஸ் தள்ள வேண்டாம் என்றார். ஏன் வேண்டாம் என்பதையும் சொன்னார். கதவு ஒன்று. அதன் பக்கத்து இருக்கையில் வெண்டல். விமானியின் இருக்கை அதற்கு அந்தப்புறம், மார்வா பின்னால். கீழே எங்கேயாவது வயலில் இறங்க நேர்ந்து, தீப்பிடித்தால், முதலில் வெண்டல் வெளியேற வேண்டும். அவர் வெளியேறாமல் மற்ற இருவருக்கும் வழி கிடையாது.

மார்வா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார். "இன்னைக்கு விட்டா இன்னும் மூணு வாரம். கால் மூணு வாரம் காத்திருக்குமா, ஆர்லிஸ்?"

"எனக்குத் தெரியாது. ஆனா இறங்க முடியாத ஆள உக்கார வெச்சுட்டு நான் கிளம்ப முடியாது, மார்வா."

"வேற யாராவது இருந்தா ஏத்திக்கிட்டிருப்பாங்க."

"இருக்கலாம்," என்றார் ஆர்லிஸ்.

வெண்டல் தொப்பியைச் சரிசெய்தார். "வா மார்வா. இவங்க எண்ணி முடிச்சா முடிச்சதுதான்."

வண்டிவரை நடப்பதற்குள் கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. அப்படியே ஏறி உட்கார முடியாது என்று தெரிந்ததால், அந்தப் பிக்கப் வண்டியின் பின் தடுப்பை இறக்கிவிட்டு, அதில் கொஞ்சம் உட்கார்ந்துகொண்டார். எங்கள் ஊரில் ஆண்கள் உட்காருமிடம் அதுதான். மாடு விலை, மழை, மற்றவர்களின் கல்யாணம் எல்லாம் அந்தத் தகரப் பலகையில் கால் தொங்கப் போட்டுத்தான் பேசி முடிகின்றன. யாரும் அதில் ஏறுவதில்லை. முதுகைக் காட்டித் திரும்பி நின்று, வலது கையை ஊன்றி, பின்பக்கமாகச் சாய்ந்து உட்காருவார்கள். வெண்டலும் அப்படியே உட்கார்ந்தார். அதற்கு அவர் யோசிக்கவே இல்லை.

அங்கிருந்து விமானத்தைப் பார்த்தபடி இருந்தார். மார்வா ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி செய்யக் கொட்டகைக்குள் போகப் புறப்பட்டார். வெண்டல் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு லெஸ்டரைக் கூப்பிட்டார்.

"அந்த இறக்கையோட பின்விளிம்பு என்ன உயரம் இருக்கும்?"

"நீ உக்காந்திருக்கறதவிடக் கம்மிதான்."

"அதுமேல உக்காரலாமா?"

லெஸ்டர் ஆர்லிஸைப் பார்த்தார். ஆர்லிஸ் ஓரடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். கேள்வி தன்னிடம் வரும்வரை காத்திருந்தார்.

"கறுப்புப் பட்டை ஒட்டியிருக்கற இடத்துல உக்காரலாம்," என்றார். "மிதிக்கறதுக்குன்னே செஞ்சது."

பனி உருகி இறக்கை ஈரமாக இருந்தது. ஆர்லிஸ் ஒரு துணி எடுத்துக் கறுப்புப் பட்டையைத் துடைத்தார். வெண்டல் போய் இறக்கைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். அப்படித் திரும்பியதும் விமானத்தின் உடல் அவருக்கு வலப்பக்கம் வந்துவிட்டது. அந்தப் பிடியும் வலப்பக்கம். நல்ல கை அதைப் பற்றிக்கொண்டது. நல்ல கால் படியில் ஊன்றியது. பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு கையை ஊன்றி, உட்கார்ந்தபடியே, கொஞ்சம் கொஞ்சமாகக் கதவை நோக்கிப் பின்னால் நகர்ந்தார். கதவுச் சட்டத்தைப் பிடித்து இருக்கைக்கு மாறினார். கடைசியில் கால்சட்டைத் துணியைப் பிடித்து இடது காலை உள்ளே தூக்கி வைத்துக்கொண்டார். மருத்துவரைப் பார்க்கவென்று தேய்த்துப் போட்ட கால்சட்டை பின்பக்கம் முழுக்க ஈரமும் கறுப்புமாக ஆகியிருந்தது.

மார்வா கைதட்டினார். லெஸ்டர் கையுறையைக் கழற்றிவிட்டுச் சேர்ந்து தட்டினார். ஆர்லிஸ் தட்டவில்லை.

"இப்ப இறங்கு, வெண்டல்."

"இப்பத்தான் ஏறினேன்."

"ஏறினதப் பாத்தேன். இறங்கறதப் பாக்கணும். பெல்ட்டப் போட்டுக்கோ. கதவ நான் மூடறேன். கையத் தட்டினதும் வெளிய வா."

கதவுக்கு இரண்டு கொக்கி, ஒன்று பக்கத்தில், ஒன்று தலைக்கு மேல். ஆர்லிஸ் வெளியிலிருந்து காட்டிக் கொடுத்தார். கதவை மூடினார். தட்டினார். உள்ளே வெண்டலின் வலது கை பெல்ட்டில் தடுமாறுவது கண்ணாடி வழியே தெரிந்தது. பிறகு கொக்கிகள். கதவு திறந்தது. காலைத் தூக்கி வெளியே போட்டு, இறக்கைமேல் உட்கார்ந்து, சறுக்கிக்கொண்டு வந்து தரையில் நின்றார். நின்ற பிறகு மூச்சு வாங்கியது.

"மெதுவா இருக்கு," என்றார் ஆர்லிஸ். "மறுபடியும்."

மார்வாவுக்கு இது பொறுக்கவில்லை. நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு முன்பே கொன்றுவிடாதே என்கிற மாதிரி ஏதோ சொன்னார். ஆர்லிஸ் மறுக்கவுமில்லை, விட்டுக்கொடுக்கவுமில்லை. வெண்டல் இறக்கையின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். முகம் சிவந்திருந்தது.

"அன்னைக்கு வயல்லயும் இதத்தான் பண்ணின. ரெண்டு தரம்."

"ரெண்டாவது தரம் நீ கேட்டது, வெண்டல். இது நான் கேக்கறது."

லெஸ்டர், தனக்கு ஏதோ வேலை இருப்பது போலக் காற்றுத் திசை காட்டும் துணிக்குழாயை அண்ணாந்து பார்த்தார். வெண்டல் திரும்பி நின்று, பிடியைப் பற்றி, மறுபடி ஏறினார். கதவு மூடியது. ஆர்லிஸ் தட்டினார். இந்தத் தடவை கை முதலில் தலைக்கு மேலிருந்த கொக்கிக்குப் போயிற்று, பிறகு பக்கத்துக் கொக்கி, பிறகு பெல்ட். வழியைத் திறந்துவிட்டுத்தான் பெல்ட்டை அவிழ்த்தார். அதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பாதி நேரத்தில் தரையில் நின்றார்.

"போதும்," என்றார் ஆர்லிஸ். "மார்வா, நீ பின்னால ஏறு. உனக்கப்புறம் நான். அவரு கடைசி."

மார்வா கொண்டுவந்திருந்த ஜாம் பெட்டிக்கு அன்று இடமிருந்தது. வெண்டல் சொன்ன எடைக்கும் மெஷின் காட்டிய எடைக்கும் நடுவிலிருந்த இடம் அது.

மேலே காற்று அலைக்கழித்தது. கீழே ஃபோர்ட் பெக் ஏரியில் பனிக்கட்டி பாளம் பாளமாக உடைந்து கிடந்தது. வலிக்கிறதா என்று ஆர்லிஸ் காதுக் கருவியில் கேட்டார். மோசமில்லை என்று பதில் வந்தது.

"அவரு மோசமில்லன்னா தாங்க முடியலன்னு அர்த்தம்," என்றது பின்னாலிருந்து மார்வாவின் குரல்.

ஆர்லிஸ் விமானத்தை இன்னும் உயர்த்தினார். மேலே காற்று அமைதியாக இருந்தது. அதற்கு விலையாக எதிர்க்காற்று கூடி, வேகம் குறைந்தது. மதியத்துக்குள் போய்ச் சேர முடியுமா என்று மார்வா கேட்டார். முடியும், ஆனால் சாப்பிட நேரமிருக்காது என்றார் ஆர்லிஸ். ஏரி பின்னால் போய் மறைந்தது.

"அந்த வயல்ல நீ சொன்ன எண் சரின்னு நான் இன்னைக்கும் ஒத்துக்கல," என்றார் வெண்டல்.

"ஒத்துக்கச் சொல்லி நான் கேக்கல."

"கேட்டாலும் ஒத்துக்க மாட்டேன்."

"சரி."

கொஞ்ச நேரம் கழித்து வெண்டல், கீழே தெரிந்த ஒரு பண்ணையைக் காட்டி, விதைத்தவன் குடித்துவிட்டு ஓட்டியிருக்கிறான், வரிசை கோணலாக இருக்கிறது என்றார். ஆர்லிஸ் எட்டிப் பார்த்து, அது தன் மைத்துனரின் வயல், அவர் குடிப்பதில்லை, ஓட்டுவதே அப்படித்தான் என்றார். பின்னால் மார்வா சிரித்தது காதுக் கருவியில் கேட்டது.

பில்லிங்ஸில் விமானம் நின்றதும் இரண்டு ஊழியர்கள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். இருவரும் நல்ல வாட்டசாட்டமான ஆட்கள். இறக்கையருகே கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஆர்லிஸ் உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டித் தள்ளிப் போகச் சொன்னார். அவர்களுக்குப் புரியவில்லை. வெண்டல் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"தம்பிகளா, நகருங்க. இதுக்கு நான் பரீட்சை எழுதி பாஸாயிருக்கேன்."

சறுக்கி இறங்கித் தரையில் நின்றார். பிறகு சக்கர நாற்காலியில் மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்துகொண்டார்.

மருத்துவரின் அறையில் நடந்ததை மார்வா பிறகு சொன்னதிலிருந்துதான் தெரியும். கால்களைத் தட்டிப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார், கடைசியில் இடது காலில் மட்டும் நிற்கச் சொன்னார். வெண்டல் நாற்காலியின் முதுகை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றார். மருத்துவர் கையை எடுக்கச் சொன்னார். எடுத்தார். கால் ஆடியது, மடங்கவில்லை. கால்சட்டை ஏன் இப்படி இருக்கிறது என்று மருத்துவர் கேட்டார். விமானத்தின் இறக்கையில் உட்கார்ந்து வந்ததாக வெண்டல் சொன்னார். மருத்துவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார். அறுவை வியாழக்கிழமை காலை என்று முடிவாயிற்று. ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

விமான நிலையத்தில் காத்திருந்த ஆர்லிஸுக்கு மார்வா தகவல் சொன்னார். நல்லது என்றார் ஆர்லிஸ். சாயங்காலம் காற்று வலுக்கும் என்று வானிலை அறிக்கை வந்திருந்ததால் உடனே கிளம்பிவிட்டார். திரும்பும்போது பக்கத்து இருக்கை காலி.

அறுவை நடந்தது. கட்டி முழுதாக வரவில்லை; பெரும்பகுதி வந்தது. இடது கைக்குப் பலம் திரும்பவில்லை. இன்னும் கோப்பையை வலது கையால்தான் எடுக்கிறார். கால் ஊன்றி நின்றது. மே மாதக் கடைசியில் கைத்தடியோடு கூட்டுறவுக் கடைக்கு நடந்து வந்து, நெடுநேரம் நின்று எல்லோரோடும் பேசினார். எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு மோசமில்லை என்றார். இந்த முறை மார்வா அதை மொழிபெயர்க்கவில்லை.

ஜூலையில் மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும். சங்கத்திலிருந்து கூப்பிட்டவர், அன்று இரண்டு விமானிகள் கிடைப்பதாகச் சொன்னார். மைல்ஸ் சிட்டியிலிருந்து வரக்கூடிய ஒருவரின் விமானம் பெரியது, இரண்டு பக்கமும் கதவு, ஏறுவது சுலபம். இன்னொருவர் ஆர்லிஸ் ட்வெய்ட். யார் வேண்டும்? மார்வா தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு வெண்டலிடம் கேட்டார். வெண்டல் சாப்பாட்டு மேஜையில் ஒற்றைக் கையால் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"ஆர்லிஸையே வரச் சொல்லு. நான் இறங்கிடுவேன்னு அவளுக்குத் தெரியும். புது ஆளுக்கு நான் ஒவ்வொண்ணா விளக்கிட்டிருக்கணும்."

குறித்த நாளில் ஓடுதளத்துக்குப் போனார்கள். வெண்டல் கைத்தடியை மார்வாவிடம் கொடுத்துவிட்டு, இறக்கைக்கு முதுகைக் காட்டி, ஒரே மூச்சில் ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். ஆர்லிஸ் வெளியே நின்று கதவை மூடினார். கையைத் தட்டினார்.